செம்பில் செதுக்கிய காமம்: பிரெஞ்சு நூற்படங்களும் மறுமலர்ச்சிக்கால வேர்களும்

ஓவியன் ஒருவன் வரைகின்றான். பொறிப்பாளன் ஒருவன் அதனைச் செம்பில் வெட்டுகின்றான். கவிஞன் ஒருவன் அதற்குச் சொல் தருகின்றான். இம்மூவருள் சிறைக்குச் சென்றவன் யாவன்?

இவ்வினாவை முன்வைத்தே, பிரெஞ்சு இலக்கிய நூல்களில் இடம்பெற்ற காமப் பொறிப்போவியங்களின் வரலாற்றை இக்கட்டுரை காண முற்படுகின்றது. காமத்தை முப்பாலுள் ஒன்றாக வைத்து ஓதும் மரபில் வந்த நமக்கு இப்பொருள் கூச்சம் தரவேண்டுவதில்லை. அதே வேளையில், இதனை வெறும் கிளுகிளுப்பின் கதையாகக் கருதிக் கடந்து செல்வதும் பிழையாகும். அரண்மனைச் சுவரில் இருந்தபோது கலை எனப்பட்ட ஒரு காட்சி, தாளில் பெருகியவுடன் குற்றம் எனப்பட்டது ஏன்? சொல்லையும் படத்தையும் அச்சில் பரப்ப விழைவோர் அனைவருக்கும் உரிய கேள்வி இது. கவிஞர்கள் கூடி அமைத்த ஒரு வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் இதனை எழுப்புவது பொருந்தும் என்று நம்புகின்றேன்.

ரோமாபுரி, 1524

பிரெஞ்சு நூற்படங்களின் கதை பாரிசில் தொடங்கவில்லை; ரோமாபுரியில் தொடங்குகின்றது. ஓவியப் பேராசான் ரஃபாயேல் 1520ஆம் ஆண்டு மறைந்தபின், அவருடைய பணிகளை முன்னின்று முடித்தவர் தலைமாணாக்கர் ஜூலியோ ரொமானோ. ரஃபாயேலின் வரைபடங்களைச் செம்பில் வெட்டி ஐரோப்பா எங்கும் பரவச் செய்தவர் மார்க்கந்தோனியோ ரைமொண்டி. ஜூலியோ, ஆணும் பெண்ணும் கூடும் நிலைகள் பதினாறினை வரைந்தார். 1524ஆம் ஆண்டளவில் ரைமொண்டி அவற்றைச் செப்புத்தகடுகளில் பொறித்து அச்சிட்டார். 'ஈ மோதி', அதாவது 'முறைகள்' என்னும் பெயரால் அத்தொகுதி அறியப்படுகின்றது.

போப்பாண்டவர் ஏழாம் கிளெமெண்ட் சினமுற்றார். தாள்கள் பறிக்கப்பட்டன. ரைமொண்டி சிறையிலிடப்பட்டார். ஜூலியோவோ, கொன்சாகா குலத்துச் சிற்றரசரின் அழைப்பின்பேரில் 1524 அக்டோபரில் மாந்துவா நகருக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். அங்கே 'பலாஸ்ஸோ தெ' என்னும் மாளிகையின் சுவர்களில் அவர் தீட்டிய ஓவியங்கள் இன்றும் உள்ளன. அவற்றுள், ஒலிம்பியா அரசியை ஜூபிட்டர் கூட முனையும் காட்சி, ரைமொண்டி சிறைசெல்லக் காரணமான படங்களுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. ஆயினும் அதற்காக எவரும் சிறை செல்லவில்லை. அது சிற்றரசரின் சுவர். அவருடைய விருந்தினர் மட்டுமே காண்பது. ரைமொண்டியின் தாளோ, கையில் காசுள்ள எவனுக்கும் உரியது. ஒரே கை வரைந்த காட்சிகள்; வேறுபாடு எண்ணிக்கையில்தான் இருந்தது.

இவ்விடத்தில்தான் கவிஞன் நுழைகின்றான். பியெத்ரோ அரெத்தீனோ அங்கதத்துக்குப் பெயர்போனவர்; போப்பாண்டவரின் அவையில் செல்வாக்குடையவர். ரைமொண்டியின் விடுதலைக்காகத் தாம் வாதாடியதாகவும், பின்னர் அப்படங்களைப் பார்த்து அவற்றை வரையத் தூண்டிய உணர்வு தம்மையும் பற்றிக்கொள்ளவே படத்துக்கொன்றாகப் பாடல் எழுதியதாகவும் 1537ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் அவரே கூறுகின்றார். ஓவியர் வரலாறுகளை எழுதிய வசாரி, விடுதலைக்கு உதவியவர்களாக வேறு பெயர்களைச் சுட்டுகின்றார். யார் உதவியிருப்பினும், சிறைப்பட்ட படத்தின் பக்கம் ஒரு கவிஞன் வெளிப்படையாக நின்றான் என்பது ஐயத்துக்கு இடமற்றது. அவருக்குப் பகைவர் பலர். 1525 ஜூலையில் ரோமாபுரித் தெருவில் அவர் கத்தியால் குத்தப்பட்டார். உயிர் பிழைத்து 1527இல் வெனிஸ் சென்று நிலைகொண்டார். அதே 1527இல் படையெடுப்பாளர் ரோமாபுரியைச் சூறையாடியபோது ரைமொண்டி தம் உடைமை அனைத்தையும் இழந்தார்.

அப்பதினாறு படங்களின் கதி என்ன? இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒன்பது துண்டுகள் ஒரே அட்டையில் ஒட்டப்பெற்று இருக்கின்றன. எவரோ ஒருவர் கத்தரிக்கோலால் 'ஆகாத' பகுதிகளை வெட்டி நீக்கிவிட்டு முகங்களையும் தோள்களையும் மட்டும் காத்து வைத்தார். உடல்களை இழந்த அம்முகங்கள் இன்னும் ஒன்றையொன்று நோக்கியபடி உள்ளன.

மரமும் செம்பும்

மேலே செல்லுமுன் தொழில்நுட்பம் குறித்துச் சிறிது அறிதல் வேண்டும்; பிற்காலச் செய்திகள் பலவும் அதனால்தான் விளங்கும்.

மரச்செதுக்கில் கோடு மேடாக நிற்கும். சுற்றியுள்ள மரம் குடைந்தெடுக்கப்படும். ஈய எழுத்தும் மேடானதே. ஆகவே மரப்படத்தையும் எழுத்தையும் ஒரே சட்டத்தில் பூட்டி ஒரே அழுத்தில் அச்சிட்டுவிடலாம். செப்புப் பொறிப்பு இதற்கு நேர்மாறானது. இங்கே கோடு பள்ளம். பள்ளத்தில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து, உருளைகளுக்கிடையே கடும் அழுத்தத்தில் செலுத்த வேண்டும். எழுத்து அச்சுப்பொறி இதற்கு உதவாது. படத்தையும் எழுத்தையும் ஒரே பக்கத்தில் தர வேண்டுமாயின் அத்தாள் இருவேறு பொறிகளில் இருமுறை ஏற வேண்டும். ஆதலின் பெரும்பாலான செப்புப் படங்கள் தனித்தாளில் அச்சாகிப் பின்னர் நூலில் சேர்த்துத் தைக்கப்பட்டன.

இதன் விளைவுகள் மூன்று. முதலாவது, படத்துடனும் படமின்றியும் ஒரே நூலை விற்கலாம். ஆபத்து வந்தால் படத்தை மட்டும் உருவி எறிந்துவிடலாம். இரண்டாவது, செம்பைச் சுரண்டித் தேய்த்து மீண்டும் வெட்டலாம். எனவே ஒரே தகடு ஆடையுடனும் ஆடையின்றியும் இருவேறு நிலைகளில் அச்சாகக் கூடும். மூன்றாவது, செம்பு விரைவில் தேயும், நல்ல படிகள் குறைவாகவே கிடைக்கும், விலை ஏறும். நுண்கோடுகளால் நிழலும் சதையின் மென்மையும் காட்டவல்ல இக்கலை, பொருளாதாரக் காரணத்தாலேயே செல்வர் வீட்டுப் பொருளாயிற்று. மாறாக, 1550ஆம் ஆண்டளவில் வெனிசில் 'முறைகள்' முரட்டு மரச்செதுக்குகளாக, அரெத்தீனோவின் பாடல்களுடன் சிறுநூலாக வெளிவந்தது. படமும் பாட்டும் ஒரே பக்கத்தில் சேர்ந்து அச்சான அந்நூலில் ஒரேயொரு பிரதியே, அதுவும் குறைப்பட்டு, 20ஆம் நூற்றாண்டில் வெளிப்பட்டது. இசையமைப்பு நெறியாளர் தொஸ்கனினியின் மகனிடம் அது இருந்தது.

ஆல்ப்ஸ் மலையைக் கடந்த வழிகள்

இத்தாலியில் ஒடுக்கப்பட்ட இக்கலை பிரான்சு சென்ற வழிகள் மூன்றெனலாம்: கலைஞன் வழி, நூல் வழி, வணிகன் வழி.

ரைமொண்டிக்கு நேர்ந்ததைக் கண்டோர் பாடம் கற்றனர். 1527இல் பொறிப்பாளர் கராலியோ 'தேவர்தம் காதல்' என்னும் தொகுதியை இருபது தாள்களாக வெளியிட்டார். உடல்கள் ஏறத்தாழ முன்னையவைபோன்றே இருந்தன, பெயர்கள்தாம் மாறின. யாரோ ஒருவனும் ஒருத்தியும் என்பதற்குப் பதில் நெப்டியூன், மெர்க்குரி, வீனஸ் என்றானவுடன் குற்றம் கல்வியாயிற்று. இத்தொகுதிக்கு முதலில் வரைந்தவர் ரோஸ்ஸோ. இரண்டு படங்களோடு அவர் விலகப் பெரும்பாலானவற்றைப் பெரீனோ தெல் வாகா வரைந்தார். அந்த ரோஸ்ஸோவே 1530இல் பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவாவின் அழைப்பை ஏற்று ஃபோந்தென்புளோ அரண்மனையை அணிசெய்யச் சென்றார். 1532இல் அவரை அடுத்துச் சென்ற பிரிமாத்திச்சியோ, மாந்துவா மாளிகையில் ஜூலியோவின்கீழ்ப் பணிபுரிந்தவர். இருவரும் சுவர்களில் தீட்டிய நெடிய, வளைந்த உடல்களை 1540களில் ஃபாந்துசி, மிஞோன் முதலியோர் செம்பில் பொறித்துப் பரப்பினர். பிரெஞ்சுக் கண் நிர்வாண உடலைக் காணக் கற்றுக்கொண்ட பள்ளி அதுவே எனலாம். காலத்தின் விளையாட்டொன்றையும் இங்குக் குறிப்பிடலாம். படங்களைப் பறித்த அதே ஏழாம் கிளெமெண்ட், தம் மெடிச்சி குலத்துப் பெண் கத்தரீனாவை 1533இல் மார்செய்ல் துறைமுகத்தில் பிரான்சுவாவின் மகனுக்கு மணமுடித்து வைத்தார். அதே ஆண்டில் பிரான்சுவா மன்னர் அரெத்தீனோவுக்கு நாக்கு வடிவங்கள் கோத்த பொற்சங்கிலி ஒன்றைப் பரிசாக அனுப்பினார்.

இரண்டாவது, நூல் வழி. 1499இல் வெனிசில் ஆல்டுஸ் அச்சகம் வெளியிட்ட 'பொலிஃபிலோவின் கனவு' 170க்கும் மேற்பட்ட மரச்செதுக்குகள் கொண்டது. கனவில் காதலியைத் தேடிச் செல்லும் அக்கதையில் பிரியாபுஸ் தெய்வத்துக்கு வழிபாடு நிகழும் படம் ஒன்றுண்டு. எஞ்சியுள்ள பிரதிகள் பலவற்றில் அத்தெய்வத்தின் இடைப்பகுதி மையால் பூசப்பட்டோ சுரண்டப்பட்டோ காணப்படுகின்றது. 1546இல் பாரிசில் ழாக் கெர்வெர் இதனைப் பிரெஞ்சில் வெளியிட்டபோது படங்கள் அனைத்தும் ஃபோந்தென்புளோவின் நெடிய உடலமைப்பில் புதிதாக வரையப்பட்டன. இத்தாலியக் கனவு பிரெஞ்சு உடல் கொண்டது.

மூன்றாவது, வணிகன் வழி. அரசவை நிகழ்வுகளை எழுதிவைத்த பிராந்தோம், பாரிசின் சேன் ழாக் தெருவில் கடை வைத்திருந்த வெனிஸ் நகரத்தார் ஒருவரைக் குறிப்பிடுகின்றார். ஆல்டுஸ் குடும்பத்துக்கு உறவினரான அவர், ஓராண்டுக்குள் அரெத்தீனோவின் நூல்களில் ஐம்பது இணைக்கு மேல் விற்றதாகச் சத்தியம் செய்தாராம். வாங்கியோருள் மணமானோரும் மணமாகாதோரும் பெண்டிரும் இருந்தனர். மேலும், உட்புறத்தில் அரெத்தீனோவின் நிலைகளைப் பொறித்த வெள்ளிக் கிண்ணமொன்றை இளவரசர் ஒருவர் வைத்திருந்ததையும், விருந்தில் அவைப் பெண்களுக்கு அதில் மது தரப்பட்டபோது சிலர் நாணியதையும் சிலர் நகைத்ததையும் பிராந்தோம் சுவைபட விவரிக்கின்றார். அந்தக் கிண்ணத்தைச் செய்த பொற்கொல்லன்மீது வழக்கு எதுவும் வந்ததாக அவர் கூறவில்லை.

நூல் எரிந்தது, உருவம் தூக்கிலேறியது

17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழி இவ்வகை இலக்கியத்தைத் தனதாக்கிக்கொண்டது. அரெத்தீனோ 1534, 1536 ஆண்டுகளில் வெளியிட்ட உரையாடல் நூல்களில் அனுபவம் முதிர்ந்த பெண்ணொருத்தி உலகியலை எடுத்துரைப்பாள். அதே அமைப்பில் 1655இல் பாரிசில் 'பெண்கள் பள்ளி' என்னும் நூல் அச்சாயிற்று. அதன் முகப்புப் பொறிப்பு பிரான்சுவா ஷோவோவின் கைவண்ணம். பின்னாளில், 1668இல், லா ஃபொந்தேனின் நீதிக்கதைகளுக்குப் படம் பொறித்துப் புகழெய்தியவரும் இவரே. நூலின் பிரதிகள் கைப்பற்றப்பட்டன. அச்சிடுவித்தோருள் ழான் லாஞ்ஜ் சிறைப்பட்டார். மிஷேல் மில்லோ தப்பியோடவே, அவருடைய உருவம் தூக்கிலிடப்பட்டு நூல்கள் எரிக்கப்பட்டன. ஆயினும் நூல் மாளவில்லை. 1668இல் இலண்டனில் சாமுவேல் பெப்பிஸ் என்னும் கடற்படை அதிகாரி அதனை வாங்கி, படித்து, தம் நூல்வரிசையில் இருப்பது இழுக்கென்று எரித்ததைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். எரித்தவர் எழுதி வைத்ததால் எரிந்ததும் வரலாறாயிற்று.

லா ஃபொந்தேனும் தப்பவில்லை. 1665 முதல் அவர் வெளியிட்ட கவிதைக் கதைகள் பெரிதும் பொக்காச்சியோ, அரியோஸ்தோ, ரபெலே ஆகிய முன்னோரிடமிருந்து எடுக்கப்பெற்றவை. 1674இல் வந்த தொகுதியை மறு ஆண்டு பாரிசின் காவல்துறைத் தலைவர் லா ரெனி தடைசெய்தார். படங்களுடன் அக்கதைகள் வெளிவர ஆம்ஸ்டர்டாம்தான் இடம் தந்தது. 1685இல் ரோமெய்ன் த ஹூகெ என்னும் டச்சுக் கலைஞர் அவற்றுக்குப் பொறிப்புகள் செய்தார். மரணம் நெருங்குவதாக எண்ணிய 1693இல் லா ஃபொந்தேன் அக்கதைகளைத் தாமே துறந்துரைக்க நேர்ந்தது. கவிஞன் துறந்ததைப் படமெழுதுவோர் துறக்கவில்லை என்பதை அடுத்த நூற்றாண்டு காட்டிற்று.

மூடிய தகடும் திறந்த தகடும்

18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் இருவகைக் காம நூல்கள் அருகருகே வாழ்ந்தன. ஒன்று மாளிகையில், மற்றொன்று நடைவணிகனின் மூட்டைக்குள்.

மாளிகை நூலுக்கு முதற்சான்று, நாட்டை ஆண்ட ஆட்சிப்பொறுப்பாளர் பிலிப் த ஓர்லேயானே வடிவமைத்த 'தாஃப்னிஸும் க்லோயேயும்'. பழங்கிரேக்கக் காதற்கதையை 1559இல் மறுமலர்ச்சிக்கால அறிஞர் அமியோ பிரெஞ்சில் பெயர்த்திருந்தார். அப்பெயர்ப்புக்கு ஆட்சியாளர் வரைந்த காட்சிகளை பெனுவா ஓத்ரான் பொறிக்க, 1718இல் சுமார் 250 பிரதிகள் நண்பர்களுக்கென அச்சாயின. காதலரின் பாதங்கள் மட்டும் தெரியும் 'சின்னஞ்சிறு பாதங்கள்' என்னும் படம் 1728இல் தனியே சேர்க்கப்பட்டது. ஆடைக்குள் இருப்பதனைத்தையும் நான்கு பாதங்களே சொல்லிவிடுகின்றன. குறிப்பாற் பொருளுணர்த்தும் கலை கவிதைக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இது சான்று.

மூட்டை நூலுக்குச் சான்றுகள் 1741இல் வெளிவந்து பெருங்கைதுகளுக்குக் காரணமான 'தோம் பூக்ர்', 1748இல் வந்த 'தெரேஸ் என்னும் மெய்யியலாள்' ஆகியவை. தெரேசின் கதையில் நம் பொருளுக்கு நேரடியாகத் தொடர்புள்ள பகுதியொன்று உண்டு. கருவுறுவதற்கு அஞ்சிக் கூடலை மறுக்கும் தெரேசுடன் பிரபு ஒருவர் பந்தயம் கட்டுகின்றார். பதினைந்து நாட்கள் அவருடைய காம நூல்களையும் ஓவியங்களையும் பார்த்துக்கொண்டே அவள் தன்னை அடக்கிக்கொண்டால் அவையெல்லாம் அவளுக்கே உரியவை. அவ்வோவியங்களுள் மார்ஸ், வீனஸ் காதல் ஒன்று. பிரியாபுஸ் திருவிழா மற்றொன்று. மறுமலர்ச்சிக்காலம் விட்டுச்சென்ற அதே தெய்வங்கள்! தெரேஸ் பந்தயத்தில் தோற்கின்றாள். நூற்படத்தின் ஆற்றல் பற்றி அக்கால நூலொன்றே அளித்த வாக்குமூலமாக இதனைக் கொள்ளலாம். அதே 1748இல் படங்களுடன் வந்த 'பேசும் அணிகலன்கள்' என்னும் புதினத்தை எழுதிய திதெரோ, மறு ஆண்டு வேறு நூலுக்காக வேன்சேன் கோட்டையில் சிறைப்பட்டபோது இந்நூல் குறித்தும் விசாரிக்கப்பட்டார்.

இவ்விருவகையும் ஒரே அட்டைக்குள் சந்தித்த நூல் 1762ஆம் ஆண்டு லா ஃபொந்தேன் கதைப் பதிப்பு. அரசுக்காக வரி தண்டும் குத்தகை பெற்றிருந்த பெருஞ்செல்வர் குழு அதற்குப் பொருள் தந்தது. அச்சானது பாரிசில், முகப்பில் இட்ட ஊர்ப்பெயரோ ஆம்ஸ்டர்டாம். ஷார்ல் ஐசென் 80 முழுப்பக்கப் படங்களை வரைந்தார்; ஷொஃபார் கதை முடிவுகளுக்குச் சிற்றணிகள் செய்தார். மேலே கூறிய செப்பின் தன்மை இங்கே முழுமையாகப் பயன்பட்டது. 'பாப்பஃபிகியேரின் சைத்தான்' முதலிய சில கதைகளின் படங்கள் 'மூடியவை', 'திறந்தவை' என இரு நிலைகளில் அச்சாயின. பயிர்ப் பங்கு கேட்டு வரும் சைத்தானை உழவன் மனைவி தன் ஆடையை உயர்த்திக் காட்டி விரட்டும் அக்கதை, 16ஆம் நூற்றாண்டு ரபெலேயிடமிருந்து லா ஃபொந்தேன் பெற்றது. ரபெலே சொல்லாற் காட்டியதை ஐசென் கோட்டாற் காட்டினார். சைத்தான் கண்டதை வாங்குவோனும் காண வேண்டுமா என்பதை வாங்குவோனின் நிலையும் உறவும் முடிவு செய்தன. 1675இல் தடைசெய்யப்பட்ட கவிஞனின் கதைகள், 1762இல் அரசின் வரிதண்டிகளுக்குப் பொன்விளிம்பு நூலாயின. கதை மாறவில்லை, கை மாறிற்று.

அந்நூலில் மற்றொரு செய்தியும் உண்டு. முதல் தொகுதியில் கவிஞரின் உருவப்படமும் இரண்டாம் தொகுதியில் ஐசெனின் உருவப்படமும் இடம்பெற்றன. இறுதிக் கதையின் சிற்றணியில், பூவேலைப்பாடுகளுக்கு நடுவே, ஷொஃபார் தம் முகத்தையும் பொறித்து வைத்தார். ரைமொண்டியின் படங்களில் வெட்டுண்டு எஞ்சியவை காதலரின் முகங்கள். இங்கே முதன்முறையாக, செதுக்கியவனின் முகமும் அஞ்சாது ஓரத்தில் எட்டிப் பார்க்கின்றது.

கவிஞனும் கடனும்

நம் வட்டத்துக் கவிஞர்கள் கேட்க விரும்பும் பகுதி இதுவாக இருக்கலாம். 16ஆம் நூற்றாண்டில் ஜொஹான்னெஸ் செக்குந்துஸ் என்னும் இளங்கவிஞர் முத்தங்களைப் பற்றி இலத்தீனில் பாடிய பாடல்கள் ஐரோப்பா எங்கும் புகழ்பெற்றவை. இருபத்தைந்து அகவை நிறையுமுன் அவர் இறந்தார். அவரைப் பின்பற்றிப் பிரெஞ்சுக் கவிஞர் தொரா 1770இல் 'முத்தங்கள்' வெளியிட்டார். ஐசென் ஒவ்வொரு பாடலுக்கும் தலைப்பிலும் முடிவிலும் சிற்றோவியம் வரைந்தார். நூல் அழகின் உச்சம், செலவும் அவ்வாறே. அக்காலத்து அங்கதக்காரர், மூழ்கும் கப்பலிலிருந்து பலகைக்குப் பலகை தாவி இக்கவிஞர் தப்புவதாக எள்ளினர். பிரெஞ்சில் பலகைக்கும் படத்தகட்டுக்கும் ஒரே சொல். தொரா தம் செல்வத்தை இத்தகைய பதிப்புகளிலேயே கரைத்து 1780இல் மறைந்தார். அவருக்கு வரைந்த ஐசெனும், ஒருகாலத்தில் பொம்பதூர் சீமாட்டிக்கு ஓவியம் கற்பித்தவராயினும், 1778இல் பிரசெல்சில் வறுமையில் இறந்தார். இன்று தொராவின் பாடல்களைப் படிப்போர் சிலர். அந்நூலை ஏலத்தில் தேடுவோர் பலர்.

இவ்வரலாற்றில் பெண்ணின் குரல் எங்கே என்று கேட்பது முறையே. வரைந்தோர், பொறித்தோர், எழுதினோர் ஏறத்தாழ அனைவரும் ஆடவர். அரெத்தீனோவின் நாயகியும் தெரேசும் ஆண் எழுதிய பெண்கள். விதிவிலக்காகச் சொல்லத்தக்கவர் மன்னர் பிரான்சுவாவின் தமக்கை, நவார் அரசி மார்கெரீத். பொக்காச்சியோவின் 1545ஆம் ஆண்டுப் பிரெஞ்சுப் பெயர்ப்பு அவர் விருப்பால் உருவாயிற்று. அவரே எழுதி, மறைவுக்குப்பின் 1559இல் உரிய பெயருடன் வெளிவந்த 'எப்தமெரோன்' கதைகளில், ஆடவரும் பெண்டிரும் சமமாக அமர்ந்து ஒவ்வொரு காதற்கதைக்குப் பின்னும் வழக்காடுவர். 1780-81இல் பெர்ன் நகரில் ஃப்ராய்டென்பெர்கரின் படங்களுடன் அது மீண்டும் அச்சாயிற்று. ஆனால் படங்களில் தெரிவது கதையின் காட்சி. பெண்களின் வழக்காடல் எழுத்தில் மட்டுமே நிற்கின்றது. செம்பு உடலைக் காட்டிய அளவுக்கு மறுமொழியைக் காட்டவில்லை.

நரகம் என்னும் நிலைப்பேழை

புரட்சி தணிக்கையைத் தளர்த்தியது. 1797ஆம் ஆண்டை முகப்பிலிட்டு வந்த சாதின் 'புதிய ழுஸ்தீன்', அதன் தொடர்ச்சியுடன் பத்துத் தொகுதிகளாக, ஏறத்தாழ நூறு பொறிப்புகளுடன் வெளிவந்தது. அங்கே காமத்தினும் கொடுமை மிகுதி. கூடுவோர் இன்பத்தைப் போற்றிய மறுமலர்ச்சிப் படங்களிலிருந்து அது வெகுதூரம் விலகியது. 1801இல் சாத் கைதாகி 1814இல் இறக்கும்வரை விடுதலை பெறவில்லை. இம்முறை தண்டனை எழுதியவன்மீதே வீழ்ந்தது.

1798இல் வந்த மற்றொரு நூலோ பழைய வேரை நோக்கித் திரும்பியது. 'அகுஸ்தீன் கராச்சியின் அரெத்தீனோ' என்பது அதன் பெயர். கவிஞரின் பெயரையும், 16ஆம் நூற்றாண்டு இறுதியில் காமப் படங்கள் பொறித்த இத்தாலியக் கலைஞரின் பெயரையும் ஒருங்கே தாங்கி வந்த இதன் இருபது படங்களும் உண்மையில் பிரெஞ்சுப் பொறிப்பாளர் கொய்னியின் வேலை. பாரிஸும் ஏனோனேயும், அந்தோனியும் கிளியோபாத்ராவும், மார்ஸும் வீனஸும் என்று ஒவ்வொன்றும் பழங்காவியப் பெயர் பூண்டுள்ளது. மன்னராட்சி வீழ்ந்த பின்னும், மனிதர் கூட வேண்டுமானால் தெய்வப் பெயரோ காவியப் பெயரோ தேவைப்பட்டது! 1527இல் கராலியோ கண்ட உத்தி 271 ஆண்டுகள் கழித்தும் உயிரோடிருந்தது.

19ஆம் நூற்றாண்டில் இந்நூல்களுக்கு அரசு நூலகத்திலேயே சிறை கட்டப்பட்டது. பாரிஸ் தேசிய நூலகம் இவற்றைப் பிரித்துப் பூட்டி வைத்த பகுதிக்கு 'நரகம்' என்று பெயரிட்டது. 1913இல் அதன் பட்டியலை இருவருடன் சேர்ந்து வெளியிட்டவர் ஒரு கவிஞர்: அப்போலினேர். நரகத்தின் கதவைத் திறந்து உள்ளே இருப்போர் பெயர்களை உரக்கப் படித்ததும் கவிஞனே என்பது தற்செயலன்று என்று கருதத் தோன்றுகின்றது. 2007 டிசம்பரில் அந்நூலகமே நரகத்தைப் பொதுமக்களுக்குக் கண்காட்சியாகத் திறந்தது.

நிறைவாக

தொடக்கத்தில் கேட்ட வினாவுக்கு மீள்வோம். 1524இல் சிறைசென்றவன் பொறிப்பாளன். 1655இல் உருவத்தில் தூக்கிலேறியவன் அச்சிடுவித்தவன். 1741இல் கைதானோருள் நூலைச் சுமந்து விற்ற எளியோரும் உண்டு. இடையில், சிற்றரசரின் சுவரும் இளவரசரின் கிண்ணமும் ஆட்சியாளரின் 250 பிரதிகளும் வரிதண்டிகளின் 'திறந்த' தகடும் எவ்விடரும் அடையவில்லை. சாதின் கதை விலக்கெனினும், பொதுப்போக்கு தெளிவு. தடைகள் காமத்தை அஞ்சியதினும் மிகுதியாக அதன் பெருக்கத்தை அஞ்சின. ஒருவன் தனியே காண்பதைப் பொறுத்தன, பலர் காண்பதைப் பொறுக்கவில்லை.

எல்லாப் படமும் நன்று என்பது என் கருத்தன்று. கொடுமையை இன்பமெனக் காட்டும் தகடும் உண்டு. பெண்ணை வாய்பேசா உடலாக்கிய தகடும் மிகப் பல. அவற்றைப் பழிக்கவும் விலக்கவும் நமக்கு உரிமையுண்டு. ஆனால், ஒரு படைப்பின்மீது தடை வரும்போது, அதே பொருள் எந்த மாளிகையில் தங்குதடையின்றி இருக்கின்றது, தண்டனை யாருடைய கைக்கு விலங்கிடுகின்றது என்னும் இரு கேள்விகளையும் கேட்ட பின்னரே நாம் நம் தீர்ப்பைச் சொல்ல வேண்டும்.

அரெத்தீனோ குறைகள் மலிந்த மனிதர். முகத்துதியும் மிரட்டலும் அவருக்குத் தொழில். எனினும், தோழனொருவன் செம்பில் வெட்டியதற்காகச் சிறைப்பட்டபோது, தமக்கென்ன என்று அவர் ஒதுங்கவில்லை; படத்துக்குப் பாடல் எழுதித் தம் பெயரையும் அப்பழியில் சேர்த்துக்கொண்டார். தகடுகள் அழிந்தன, தாள்கள் துண்டாயின, பாடல்கள் மட்டும் முழுமையாக எஞ்சின. அப்பதினாறு படங்களிலும் என்ன இருந்தது என்று அறிய முற்படுவோர் இன்றும் அப்பாடல்களைக் கைவிளக்காகக் கொண்டே தேடுகின்றனர்.